உண்ணி மருந்துகள்: தோட்டத்து நாய்க்கு எது, மாடி வீட்டு நாய்க்கு எது

"ஏனுங்க, நாய் எத்தன கிலோ வருமுங்க?"

"ஒரு இருவது இருக்குமுங்க."

கொங்குப் பக்கம் எந்தக் கால்நடை மருந்துக்கடையில் நின்றாலும் உண்ணி மருந்து வியாபாரம் இப்படித்தான் தொடங்கும். தப்பும் இங்கேயேதான் தொடங்குகிறது. முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தில் 10 முதல் 20 கிலோ வரை ஒரு டியூப், 20 முதல் 40 வரை அடுத்த டியூப். முதலாவதில் 1.34 மி.லி., அடுத்ததில் 2.68 மி.லி. நாய் 23 கிலோ இருக்கும்போது சின்ன டியூப்பை வாங்கிப் போனால், போட வேண்டியதில் பாதிதான் மேலே விழுகிறது. பத்து நாள் கழித்து "மருந்து டூப்ளிகேட்டுங்க" என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பொருளில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ள இரண்டு நிமிஷம் போதும். தூக்க முடியாத நாய் என்றால் கொப்பரை எடை போடும் தராசில் ஒரு பலகையைப் போட்டு நிற்க வையுங்கள்.

கீழே வருவது கடையில் கிடைக்கும் மருந்து வகைகளைப் பற்றிய மதிப்பீடு. கம்பெனியை விட உள்ளே இருக்கும் சரக்குதான் முக்கியம் என்பதால் பெரும்பாலும் சரக்கின் பெயரையே சொல்லியிருக்கிறோம். அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் தெரிந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்றே அச்சடிக்காத பொருளை, என்ன விலை குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் எதிரியைப் பற்றி. நம் ஊர் வீட்டு நாய்களில் அதிகம் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. மாட்டு உண்ணி பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஒரே மாட்டின் மேலேயே இருந்துவிடும். இது அப்படியில்லை. குஞ்சு ஒருதரம் நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கும், தோல் உரித்து மறுபடி ஏறும், மறுபடி இறங்கும், மூன்றாவது முறை முழு உண்ணியாக ஏறும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் ஒளிவது சுவர் விரிசல், கதவு நிலையின் இடுக்கு, ஓட்டுக்கு அடியிலிருக்கும் சட்டம். குடித்து உப்பிய பெட்டை கொட்டமுத்து (ஆமணக்கு விதை) அளவுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அது தரையிலிருந்து மேலே ஏறிப் போய் விரிசலில் நாலாயிரம் முட்டை வரை வைத்துவிட்டுச் சாகும். முழு உண்ணி ரத்தமே இல்லாமல் ஒன்றரை வருஷம் வரை தாக்குப்பிடிக்கும். இதை மனசில் வைத்துக்கொண்டு படித்தால்தான் எந்த மருந்து ஏன் தோற்கிறது என்பது விளங்கும்.

மெல்லும் மாத்திரைகள்

இப்போதைக்குக் கையில் இருப்பதிலேயே நம்பகமானவை இவைதான். அஃபோக்ஸோலேனர் (நெக்ஸ்கார்டு), சரோலேனர் (சிம்பாரிகா) இரண்டும் மாதம் ஒன்று. ஃப்ளூராலேனர் (பிராவெக்டோ) ஒன்று கொடுத்தால் 12 வாரம். நாய் குளித்தாலும், வாய்க்காலில் விழுந்து புரண்டாலும், மழையில் நனைந்தாலும் மருந்து ரத்தத்தில் இருக்கிறது, கழுவிப் போகாது. குழந்தைகள் கட்டிப்பிடித்தால் கையில் ஒட்டாது. இந்த இரண்டு காரணத்துக்காகவே மாடி வீட்டு நாய்க்கு எங்கள் முதல் தேர்வு இது.

விலை கசக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கை மாதத்துக்குப் போட வேண்டும். 12 வார மாத்திரையின் விலையை மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டு மாத மாத்திரையோடு ஒப்பிடுங்கள். தேதியை மறக்கிற வீட்டுக்கு 12 வாரம்தான் லாயக்கு. குட்டி வளர்ந்துகொண்டிருக்கும் மாதங்களில் மட்டும் மாத மாத்திரை நல்லது, ஏனென்றால் 12 வாரத்துக்குள் எடை அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு மூன்றுமே வேண்டாம்.

ஃப்ளூராலேனரை வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டு நேரத்தில் சோற்றோடு கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு பத்து நிமிஷம் நாயைக் கண்ணில் வைத்திருங்கள். வாயின் ஓரத்தில் அடக்கி வைத்திருந்து, நாம் திரும்பியதும் செடிக்குப் பின்னால் துப்புகிற நாய்கள் நிறைய. பெரிய நாய் மாத்திரையை வாங்கி இரண்டு சின்ன நாய்க்குப் பிட்டுக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம், மாத்திரை முழுசாகக் கொடுப்பதற்கென்றே செய்தது.

குறை என்ன? இரண்டு. ஒன்று, உண்ணி கடித்தால்தான் சாகும், கடிக்கும் முன் விரட்டாது. ஆகவே மாத்திரை போட்ட மூன்றாம் நாளும் நாயின் காதில் உண்ணி தெரியும். அது தட்டையாக, காய்ந்து, தொட்டால் கால் ஆட்டாமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது. உப்பிக்கொண்டே போனால்தான் கவலை. இரண்டு, வலிப்பு. இந்த மருந்துக் குடும்பம் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு கொண்டுவரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்தது. அரிதுதான். என்றாலும் ஒருமுறையாவது வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் கடையில் நேராக வாங்க வேண்டாம்.

முதுகில் விடும் சொட்டு

ஃபிப்ரோனில் சொட்டு நல்ல மருந்து, கெட்ட பெயர் வாங்கியது போடும் விதத்தால். தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்து அது உடம்பு முழுக்கப் பரவுகிறது. அந்தப் பசையை ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு, "சுத்தமா இருக்கட்டும்" என்று உடனே மருந்தை விட்டால் பரவ வழி ஏது? முன்னால் 48 மணி நேரம், பின்னால் 48 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது.

விடும் முறை: இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை இரு பக்கமும் வகிடு போல் பிரித்துத் தோல் வெள்ளையாகத் தெரிந்த பிறகு டியூப்பின் முனையைத் தோலில் தொட்டு அழுத்த வேண்டும். முடியின் மேல் விட்டால் எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கும், அவ்வளவுதான். பெரிய நாய்க்கு முதுகெலும்பை ஒட்டி இரண்டு மூன்று இடத்தில் பிரித்து விடலாம். காயும் வரை குழந்தைகள் தடவ வேண்டாம்.

தோட்டத்து நாய்க்கு இது எடுபடுவது குறைவு. சொட்டு நீர்க் குழாய்க்கு அடியில் படுக்கிறது, வாய்க்காலில் இறங்குகிறது, ஒரு மாதம் நிற்க வேண்டியது நிற்பதில்லை. ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஒரே கொட்டகையில் முயல் வளர்ப்பவர்கள் அதற்குத் தொட்டும் விட வேண்டாம்.

இதே வரிசையில் பெர்மெத்ரின் கலந்த சொட்டும் இருக்கிறது. உண்ணியைக் கடிக்கும் முன்பே விரட்டும் என்பது அதன் பலம், உண்ணி கடித்துக் காய்ச்சல் பரவுவதைத் தடுக்க அது பெரிய விஷயம். ஆனால் வீட்டில் பூனை இருந்தால் அந்த அட்டையை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் போதாது. ஈரம் காயாத நாயோடு உரசிப் படுத்தாலே பூனைக்குக் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். நாய் டியூப்பில் மிச்சமிருந்ததைப் பூனைக்குத் தடவுவது நேரடியாகக் கொல்வதற்குச் சமம்.

உண்ணி பெல்ட்

இமிடாக்ளோப்ரிட், ஃப்ளூமெத்ரின் சேர்ந்த பெல்ட் 8 மாதம் வரை நிற்கும். டெல்டாமெத்ரின் பெல்ட்டும் உண்டு. ஆட்டுக்குப் பின்னால் கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காட்டில்) நாள் முழுக்கச் சுற்றும் நாய்க்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். காங்கயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி ஓரத்தில் கொழுக்கட்டைப்புல் நுனியில் கால் நீட்டிக் காத்திருக்கும் உண்ணியை, ஏறிக் கடிக்கும் முன்பே விலக்க வேண்டும். அந்த வேலையை மாத்திரை செய்யாது.

தளர்வாகக் கட்டினால் பயனில்லை. கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் இறுக்கம் வேண்டும். பெல்ட்டின் தொங்கும் நுனியை 2 செ.மீ. விட்டு நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கூட இருக்கும் நாய் கடித்துத் தின்னும். கட்டிய முதல் வாரம் தினமும் பெல்ட்டுக்கு அடியில் பாருங்கள். தோல் சிவந்து முடி உதிர்ந்தால் கழற்றிவிட வேண்டும். அடிக்கடி குளித்தால் ஆயுள் குறையும். சந்தையில் ரிப்பன் மாதிரி கலர் கலராகத் தொங்கும் 'மூலிகை' பெல்ட்டில் வாசனை மட்டும் இருக்கிறது.

அமிட்ராஸ் கழுவல்

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கி வைத்திருக்கிற 12.5 சதவீத பாட்டில்தான் தோட்டங்களில் நாய்க்கும் போகிறது. மலிவு. சரியாகப் போட்டால் கேட்கவும் செய்யும். தப்பாகப் போட்டு நாயைப் படுக்க வைக்கும் மருந்தும் இந்த வரிசையில் இதுதான்.

அளவு: உண்ணிக்கு 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. நடுத்தர நாய்க்கு 2 முதல் 3 லிட்டர் பிடிக்கும், அதாவது 4 முதல் 6 மி.லி. ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி அளக்க வேண்டும். "ஒரு மூடி" என்பது அளவே அல்ல. பாட்டில் மூடி நிறையவே பிடிக்கும், அதை ஒரு மக் தண்ணீரில் கலந்தால் பல மடங்கு கூடிவிடும்.

நாயை முதலில் சாதா ஷாம்பு போட்டுக் கழுவித் துவட்டுங்கள். புண், வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். கண்ணைச் சுற்றி வாசலின் தடவி, கையில் உறை மாட்டி, திறந்த வெளியில் நிழலில் வைத்துக் கழுத்திலிருந்து கீழே ஸ்பாஞ்சால் நனைத்துக்கொண்டே வாருங்கள். விரலிடுக்கு, வால் அடி, காது மடலின் வெளிப்புறம் எதையும் விடக் கூடாது. பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாகவே காய வேண்டும். காயும் வரை நக்கவும் விடக் கூடாது, நக்கினால் அத்தனையும் வயிற்றுக்குள் போகும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட்டு, மிச்சத்தை வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ கொட்டாமல் ஒதுக்குப்புறத்தில் குழி வெட்டி ஊற்றுங்கள், மீனுக்கு ஆகாது.

போட்ட பிறகு நாய் தூங்கி வழிந்தால், நடை தள்ளாடினால், உடம்பு சில்லிட்டால் மருந்து ஏறிவிட்டது. உடனே கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அட்டிபமெசோல், யோகிம்பின் என்று முறிவு மருந்து இருக்கிறது, வீட்டுக் கைவைத்தியம் எதுவும் இல்லை. நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டி, சர்க்கரை நோய் உள்ள நாய், பூனை ஆகியவற்றுக்கு இந்தப் பாட்டிலை எடுக்கவே வேண்டாம்.

பவுடர், ஷாம்பு, மற்றவை

பவுடருக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. நாயின் மேல் ஒட்டுவது கொஞ்சம், தரையில் கொட்டுவது அதிகம், மீதியை நாய் நக்குகிறது. ப்ரொபாக்ஸர் கலந்தது என்றால் நக்கிய நாய்க்கு எச்சில் வடிந்து, கண்மணி சுருங்கி, கால் நடுங்கும். உண்ணி ஷாம்பு நுரையோடு பத்து நிமிஷம் ஊறினால் அந்த நேரத்தில் மேலே இருக்கும் உண்ணிக்கு மட்டும் பலன், அன்று ராத்திரி சுவரிலிருந்து இறங்குவதற்கு இல்லை. வேப்பெண்ணெய் கொஞ்சம் விலக்கும், ஆனால் மொய்த்துக் கிடப்பதை உதிர்க்காது. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். ஐவர்மெக்டின் ஊசியை உண்ணிக்கென்றே கேட்டு வாங்கிப் போடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. புழுவுக்கும் சொறிக்கும் அது மருந்து, நாய் உண்ணிக்கு நம்பக் கூடியதல்ல. கோலி இன நாய்க்கும் அதன் கலப்புக்கும் அதே ஊசி மூளைக்குள் ஏறி உயிரை எடுக்கும்.

கையால் பிடுங்குவதாக இருந்தால் நகத்தால் நசுக்க வேண்டாம். முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போடுங்கள். தீக்குச்சி வேண்டாம். காதின் உள்மடிப்பு, கால் விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, வால் அடி, பெல்ட்டுக்குக் கீழே என்று ஐந்து நிமிஷம் தேடி, எத்தனை என்று எண்ணிக் காலண்டரில் எழுதிவையுங்கள். மருந்து போட்ட நாள், இரண்டாம் நாள், ஏழாம் நாள் என்று மூன்று எண் இருந்தால் மருந்து நல்லதா இல்லையா என்பதை விளம்பரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சுவருக்கு எது

ஏழாம் நாள் எண்ணிக்கை குறைந்து, இருபதாம் நாள் பொடிப்பொடியாகப் புது உண்ணி ஏறினால் நாயின் மேல் போட்ட மருந்தைத் திட்டாதீர்கள். சுவரில் முட்டை பொரித்திருக்கிறது. வெயில் காலத்தில் மூன்று வாரம் வாக்கில் பொரிந்துவிடும், குஞ்சுக்கு ஆறே கால், எள்ளை விடச் சிறியது.

சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரினை லேபிளில் போட்ட அளவுக்குக் கரைத்துத் தெளிக்கலாம். தரையை நனைத்துவிட்டு நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. உண்ணி மேலே ஏறும் சாதி. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சுவர், நிலைக்கதவின் பின்பக்கம், ஓட்டுச் சட்டம், கட்டுத்தரைக் கம்பத்தின் வெடிப்பு, கயிற்றுக் கட்டிலின் முடிச்சு எல்லாம் நனைய வேண்டும். முட்டையை இந்த மருந்து கொல்லாது என்பதால் இரண்டு மூன்று வார இடைவெளியில் மூன்று முறை அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு "பலனில்லீங்க" என்பவர்கள்தான் அதிகம்.

அடிக்கும்போதும் காயும் வரையும் நாய், பூனை, கோழி, மீன் தொட்டி எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. உடுமலை, கோபி பக்கம் பட்டுப்புழு மனை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: மனைக்குப் பக்கத்திலோ மல்பெரித் தோட்டத்துக்குக் காற்று போகும் திசையிலோ இதைத் தெளித்தால் ஒரு பட்டம் புழு மொத்தமும் போய்விடும். அங்கே மருந்தை மறந்துவிட்டு, வெடிப்புகளைச் சிமெண்ட் பாலால் அடைத்து, சுண்ணாம்பு அடித்து, சிமெண்ட் தரையில் கொதிநீர் ஊற்றுவதே சரி. கேஸ் பர்னர் நெருப்பை விரிசலில் காட்டுகிறவர்களும் உண்டு. கான்கிரீட் கூண்டுக்கு அது பலன் தரும், தென்னங்கீற்றுச் சாளையில் (குடிசையில்) அது வேண்டவே வேண்டாம்.

நாயின் சாக்கு, பழைய போர்வை எதையும் உதறாதீர்கள். அப்படியே சுருட்டிக் கொதிநீரில் போடுங்கள், சாக்கு என்றால் எரித்துவிடுங்கள். வீட்டில் மூன்று நாய் இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து. ஒன்றை விட்டால் அதுதான் உண்ணிக்குச் சோறு போடும்.

எந்த மருந்தும் போதாத நேரம்

உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் நாய் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால், உடம்பு கொதித்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால் அது உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சலாக இருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வயிற்றுத் தோலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும். பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) எண்ணிக்கையும் ரத்தப் பூச்சும் (கண்ணாடியில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கும் வசதி உள்ள இடமாகப் போங்கள். 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம் அந்தப் பக்கத்தவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். உண்ணி பரப்பும் இன்னொரு ரத்த நோயான பபீசியா என்று வந்தால் மருந்தே வேறு, அதனால்தான் பார்க்காமல் மாத்திரை போடக் கூடாது.

எர்லிக்கியாவுக்கு டாக்டர் எழுதுவது பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு 10 மி.கி. வீதம் நாளுக்கு, 28 நாள். மாத்திரையை வெறும் தொண்டையில் போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும், ஒரு கவளம் சோற்றுக்கு நடுவில் வைத்துக் கொடுத்துத் தண்ணீர் காட்டுங்கள். அந்த வேளைக்குப் பாலும் தயிரும் வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாம் நாள் நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும், முக்கால்வாசிப் பேர் மாத்திரையை நிறுத்துவது அன்றைக்குத்தான். 28 நாளும் கொடுத்து, பிளேட்லெட்டை இன்னொருமுறை எண்ணிப் பார்த்த பிறகு டாக்டர் சொன்னால் நிறுத்துங்கள்.